பெயரில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பழைய படத்திலிருந்து அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி இதுதான். கையில் ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. இங்கிலாந்தில் எடுத்தது என்பது மட்டும் தெரிகிறது. இரண்டு பேர் உட்காரக்கூடிய தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார். முகப்பில் சின்னம் கிடையாது, எந்தக் கம்பெனியின் மாடல் பட்டியலிலும் இந்த உருவம் இல்லை. இணையத்தில் படத்தைப் போட்டுத் தேடினால் ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ வண்டியைக் காட்டுகிறது. இது என்ன கார், யார் கட்டியது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கட்டியவர் தானே செய்த பாகங்களைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, அவர் கடையில் வாங்கிய பாகங்களைப் பாருங்கள். பாடி அவருடைய கற்பனை. அதற்கு ஒப்பிட வேறு வண்டி கிடையாது. ஆனால் சக்கரம், ஆக்சில், ஹெட்லைட், முன் கண்ணாடி, பின் விளக்கு இவற்றையெல்லாம் தனி ஆள் வீட்டுக் கொட்டகையில் செய்ய முடியாது. ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து, ஏதோ ஒரு ஆண்டில் வந்தவை அவை. அவற்றுக்குப் பெயர் உண்டு, பட்டியல் உண்டு, தேதி உண்டு. இணையத் தேடல் தோற்பதும் இதனால்தான். அது மொத்த உருவத்தை வைத்துத் தேடுகிறது, உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்த உருவத்துக்கு அதனிடம் ஜோடி இல்லை.

இந்த வண்டிகள் ஏன் இத்தனை இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் படிப்பது சுலபமாகும். இங்கிலாந்தில் இவற்றை 'ஸ்பெஷல்' என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புதுக் கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போனது, உள்ளூர்க்காரர் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் ரேஷன் 1950 மே மாதம்தான் முடிந்தது. புதுக் காருக்குக் கொள்முதல் வரி வேறு கடுமையாக இருந்தது. பாகங்களாக வாங்கித் தானே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. இந்தச் சலுகை 1973-இல் வாட் வரி வரும்வரை நீடித்தது. இன்னொரு பக்கம், போருக்கு முந்தைய சின்னக் கார்கள் பாடி இற்றுப்போய், ஆனால் சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) என்ஜினும் நல்லபடியாக, அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. 1960-இல் பழைய வண்டிகளுக்குக் கட்டாயத் தகுதிச் சோதனை வந்ததும் இன்னும் நிறைய வண்டிகள் அந்த நிலைக்கு வந்தன. கையில் வெல்டிங் தெரிந்த இளைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்படி மறுபிறவி எடுத்தவற்றில் இரண்டு குடும்பங்கள்தான் பெரும்பான்மை. ஒன்று, 1922 முதல் 1939 வரை ஏறக்குறைய மூன்று லட்சம் விற்ற ஆஸ்டின் செவன். மற்றொன்று, 1172 சிசி சைடு வால்வ் என்ஜின் கொண்ட ஃபோர்டு டென்னும் அதன் வழிவந்த பாப்புலரும். 750 மோட்டார் கிளப் ஆஸ்டின் செவன் வண்டிகளுக்கு ஒரு பந்தய விதிமுறையும், அப்புறம் 1953-இல் 1172 சிசி ஃபோர்டு என்ஜின்களுக்கு இன்னொன்றும் வகுத்தது. படத்தில் இருப்பது 1946-க்கும் 1963-க்கும் இடைப்பட்ட சின்ன வண்டி என்றால், இந்த இரண்டில் ஒன்றா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் படத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். போட்டோகிராபரின் ரப்பர் ஸ்டாம்ப், பென்சிலில் எழுதிய நெகட்டிவ் எண், ஊர்ப் பெயர், பேப்பர் கம்பெனியின் அச்சு எல்லாமே உதவும். புற ஊதா விளக்கில் காட்டினால் பேப்பர் பளிச்சென்று நீல வெண்மையாக ஒளிர்கிறதா? அப்படியானால் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்த பேப்பர். அது 1950-களின் நடுவில்தான் பரவலாக வந்தது. ஆனால் அந்தச் சோதனை பிரிண்டின் வயதைத்தான் சொல்லும், படம் எடுத்த நாளைச் சொல்லாது. 1936-இல் எடுத்த நெகட்டிவை 1970-இலும் பிரிண்ட் போடலாம்.

அடுத்து ஸ்கேன். அங்குலத்துக்கு 1200 புள்ளி என்ற அடர்த்தியில், பிரேமின் ஓரம் வரைக்கும், முன்னும் பின்னும் எடுங்கள். தயவுசெய்து படத்தைத் 'தெளிவாக்கும்' செயற்கை நுண்ணறிவுச் செயலி எதிலும் போடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மங்கிய நம்பர் பிளேட்டை அந்தச் செயலி படிப்பதில்லை. தனக்குப் பழக்கமான எழுத்துகளை அங்கே வரைந்து வைக்கிறது. முகப்புக் கம்பிகளையும் சக்கர நட்டுகளையும்கூட அப்படியே கற்பனை செய்கிறது. அதற்குப் பிறகு நாம் ஆராய்வது இல்லாத காரை. வண்ணம் ஏற்றிய படமும் இதே ரகம்தான். பழைய சில பிலிம்களில் சிவப்பு ஏறக்குறையக் கருப்பாகவும் நீலம் வெளிறியும் விழும், அதனால் சாம்பல் நிறத்தை வைத்துக் காரின் நிறத்தைச் சொல்ல முடியாது.

படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரிண்ட் போட்டவை நிறைய உண்டு. பந்தய எண் 8, 11, 88 மாதிரி இருந்தால் சட்டென்று தெரியாது. பக்கத்தில் நிற்கும் ஆண்களின் கோட்டைப் பாருங்கள். ஆண்கள் கோட்டில் இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின் மேல் வரும். அது மாறியிருந்தால், எக்சாஸ்ட் குழாய் எந்தப் பக்கம், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று நீங்கள் குறித்துவைத்த எல்லாமே மாறும்.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கருவி சக்கரம். அது ஒரே சமயத்தில் அடையாளமும் அளவுகோலும் ஆகிறது. ஆஸ்டின் செவன் தன் ஆயுள் முழுக்கக் கம்பி ஸ்போக் சக்கரத்திலேயே ஓடியது. ஃபோர்டு பாப்புலருக்கு இரும்புத் தகட்டை அழுத்திச் செய்த சக்கரம். எம்.ஜி. கம்பெனியின் டி.சி. காருக்கு 19 அங்குல உயரமான கம்பிச் சக்கரம், அடுத்து வந்த டி.டி.க்கு 15 அங்குலத் தகட்டுச் சக்கரம். ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டுக்கு 13, மினிக்கு 10. கட்டியவர் சக்கரத்தை மாற்றியிருக்கலாம் என்பது உண்மைதான். இருந்தாலும் ஹப்பை (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பாகம்) மாற்றுவது சிரமம் என்பதால், சக்கரம் அநேகமாக ஆக்சிலோடு கூடவே வரும்.

சக்கரத்தை அளவுகோலாக்கும் முறை இது. வண்டியைப் பக்கவாட்டிலோ சற்றுச் சாய்வாகவோ எடுத்த படமாக இருக்க வேண்டும், முன்சக்கரம் நேராக இருக்க வேண்டும். இரண்டு சக்கரங்களின் ரிம்மையும் கிடைமட்டமாக அளந்து சராசரி எடுங்கள். செங்குத்தாக அளக்கக் கூடாது. வண்டி சாய்வாக நிற்கும்போது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் எந்த விகிதத்தில் சுருங்கித் தெரிகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் ரிம்மின் கிடைமட்ட அகலமும் சுருங்கும். அதனால் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சாய்வு பெரும்பாலும் கழிந்துவிடும். டயரை அளக்காதீர்கள், அதன் பருமன் வண்டிக்கு வண்டி மாறும், ரிம் மாறாது. கண்ணுக்குத் தெரியும் ரிம்மின் விளிம்பு, சொல்லப்படும் அளவைவிட ஒன்று, ஒன்றேகால் அங்குலம் கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

உதாரணமாக, 17 அங்குலச் சக்கரம். தெரியும் விளிம்பு பதினெட்டேகால் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கர இடைவெளி அதைப்போல நான்கரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 81 அங்குலம். அது 1930-களின் ஆஸ்டின் செவன். ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 90 அங்குலம்; அது ஃபோர்டு. ஆரம்பகால ஆஸ்டின் செவன் 75 அங்குலம்தான். எம்.ஜி. டி.சி., டி.டி. இரண்டும் 94. டிரையம்ஃப் டி.ஆர்.2 88, ஸ்பிரைட் 80, ஜாகுவார் எக்ஸ்.கே.120 102. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடியும். விடை எதிலும் பொருந்தவில்லை என்றால் அதுவும் ஒரு செய்தி. சேசிஸை வெட்டிக் குறைத்திருக்கிறார், அல்லது குழாய்களை வெல்டு வைத்துத் தானே சேசிஸ் செய்திருக்கிறார்.

அடுத்து முன்பக்கம். சைக்கிளில் போல ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மட்கார்டு போட்ட வண்டியாக இருந்தால் ஆக்சில் அப்படியே வெளியே தெரியும். ஆஸ்டின் செவனுக்கும் சைடு வால்வ் ஃபோர்டுக்கும் முன்னால் குறுக்காக ஒரு லீஃப் ஸ்பிரிங் இருக்கும், அதனால் முன்பக்கம் மட்டும் பார்த்தால் குழப்பம் வரும். பின்பக்கம் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். ஃபோர்டுக்குப் பின்னாலும் குறுக்கு ஸ்பிரிங். ஆஸ்டினுக்கு சேசிஸின் முனையிலிருந்து நீளவாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்வாசி நீள்வட்ட ஸ்பிரிங்குகள். வளைவில் போகும் படத்தில் முன்சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் விநோதமாகச் சாய்ந்து நிற்கின்றனவா? லெஸ்லி பாலமி வடிவமைத்த, நடுவில் வெட்டி இரண்டாக்கிய ஆக்சிலாக இருக்கலாம். ஸ்பெஷல் கட்டுகிறவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

தேதிக்கு ஒரு விதி இருக்கிறது. வண்டியில் உள்ள பாகங்களிலேயே எது கடைசியாகச் சந்தைக்கு வந்ததோ, அதற்கு முன்னால் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது. ஃபோர்டு கார்ட்டினா முதல் மாடலின் வட்டமான, மூன்றாகப் பிரித்த பின் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ட்டினா வந்தது 1962-இல். அந்த விளக்கை டி.வி.ஆர். கிரிஃபித்தும் வாங்கிப் போட்டுக்கொண்டது, கொட்டகையில் கட்டியவர்களும் போட்டுக்கொண்டார்கள். மற்ற எல்லாப் பாகமும் 1934-ஐச் சேர்ந்ததாக இருந்தாலும், இந்த விளக்கு இருந்தால் படம் 1962-க்குப் பிந்தியது. எழுபதுகளின் வண்டிகளுக்கு மோரிஸ் மரீனாவின் கதவுக் கைப்பிடி இதே வேலையைச் செய்யும். லோட்டஸ் எஸ்பிரிட்வரைக்கும் அது போயிருக்கிறது. வளைந்த முன் கண்ணாடியையும் விடாதீர்கள். வளைந்த கண்ணாடியை யாரும் வீட்டில் செய்வதில்லை. ஏதாவது ஒரு குடும்பக் காரின் முன் கண்ணாடியாகவோ, திருப்பி வைத்த பின் கண்ணாடியாகவோதான் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான சந்தேகத்தை எழுப்ப வேண்டும். படத்தில் இருப்பது உண்மையிலேயே ஒன்றே ஒன்றுதானா? 1950-களின் நடுவிலிருந்து ஃபைபர்கிளாஸ் பாடிகளைப் பல சின்னக் கம்பெனிகள் செய்து விற்றன: ஆஷ்லி, ஃபால்கன், மைக்ரோபிளாஸ், ராச்டேல், கான்வேர், இன்னும் பல. ஆஸ்டினுக்கும் ஃபோர்டுக்கும் பொருந்துகிற நீளங்களில் பாடி வாங்கலாம். வாங்கியவர் முகப்பை மாற்றுவார், ஹெட்லைட்டை இடம் மாற்றுவார், போனெட்டில் ஒரு மூக்கு வைப்பார், கடைசியில் தன் பெயரையே வண்டிக்குச் சூட்டுவார். அதனால் உலகத்தில் ஒன்றே ஒன்று போலத் தோன்றும் வண்டி, நூற்றில் ஒன்றாக இருக்கலாம். மைக்ரோபிளாஸின் மிஸ்ட்ரல் பாடி இதற்கு நல்ல உதாரணம். தனி ஆட்கள் வாங்கினார்கள், ஃபேர்தார்ப் கம்பெனி தன் எலெக்ட்ரான் காருக்கு வாங்கியது, நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சிலும் அதைச் செய்தார்கள். பாடியைப் பார்த்து 'இது ஃபேர்தார்ப்' என்று சொல்லிவிட்டால் தப்பாகப் போகச் சாத்தியம் நிறைய.

பாடியை ஒப்பிடும்போது மாற்றச் சுலபமான இடங்களை விட்டுவிடுங்கள். முகப்புத் துளை, விளக்கு, போனெட் மேடு இவை ஒரு வார இறுதியில் மாறக்கூடியவை. மட்கார்டு மேலிருந்து கதவுக்கு இறங்கும் கோடு, கதவின் மேல் விளிம்பு உட்காரும் வளைவு, பின்சக்கரத்துக்குப் பிறகு வால் எவ்வளவு நீளம் என்பவை அச்சிலேயே வந்தவை. அவைதான் பொய் சொல்லாது.

இனி நம்பர் பிளேட். படத்தில் அது தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், ஆனால் அதுவே பலரை வழிதவறவும் வைத்திருக்கிறது. பிரிட்டனில் 1904 முதல் ஒவ்வொரு கவுண்டிக்கும் பெரிய நகரத்துக்கும் தனி எழுத்துகள் தரப்பட்டன. 1932-இல் மூன்றெழுத்து முறை வந்தது, 1950-களில் எண்ணை முன்னால் போடும் முறை வந்தது, 1963 முதல் கடைசியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து. மூன்றெழுத்தில் பின்னிரண்டு எழுத்துகள் ஊரைச் சொல்லும். ஐ, இசட் எழுத்துகள் இருந்தால் அயர்லாந்துப் பக்கம். சர்ரே கவுண்டிக்கு 'பி'யில் (P) தொடங்கும் இணைகள். தேம்ஸ் டிட்டனில் இருந்த ஏ.சி. கம்பெனியின் ஏஸ் முன்மாதிரி டி.பி.எல். 792 என்று இருப்பது அதனால்தான். எம்.ஜி. என்ற இணை மிடில்செக்ஸ் கவுண்டியுடையது, எம்.ஜி. கம்பெனியுடையது அல்ல. ஆனாலும் லண்டனில் எம்.ஜி. கார் விற்ற டீலர் அந்த எண்களை ஆசையாக வாங்கினார், அதனால் பல எம்.ஜி. கார்கள் அந்த எழுத்தோடேயே தெருவில் வந்தன.

வழிதவறும் இடம் எது என்றால், ஸ்பெஷலுக்குப் பெரும்பாலும் சேசிஸைத் தந்த பழைய காரின் பதிவுப் புத்தகமே தொடரும். 1934-இல் பதிவான ஃபோர்டின் எண்ணை 1958-இல் கட்டிய ஃபைபர்கிளாஸ் வண்டி சுமந்துகொண்டு போகும். எண் மாறுவதும் உண்டு. லோட்டஸ் கம்பெனியை நிறுவிய காலின் சாப்மன் 1948-இல் ஒரு ஆஸ்டின் செவனை வைத்துக் கட்டிய முதல் லோட்டஸ், பி.கே. 3493 என்ற எண்ணிலிருந்து ஓ.எக்ஸ். 9292-க்கு மாறியது. 1950-இல் அதை விற்றார், வடக்கே போனது, அப்புறம் தகவலே இல்லை. லோட்டஸ் கம்பெனியே 2018-இல் அதைத் தேடித்தரும்படி பொதுமக்களைக் கேட்டது. ஏதாவது ஒரு வீட்டு ஆல்பத்தில், யாரோ பெயர் தெரியாத 'ஆஸ்டின் ஸ்பெஷல்' என்று நினைத்து வைத்திருக்கும் படத்தில் அது நின்றுகொண்டிருக்கலாம். இந்த வேலையில் எனக்கு இருக்கும் ஈடுபாட்டுக்கு அந்த ஒரு சாத்தியமே போதும்.

நம்பர் பிளேட்டைச் சரியாகப் படித்திருந்தால் பல பத்தாண்டுகளாக நீடித்த ஒரு தப்பைத் தவிர்த்திருக்கலாம் என்பதற்கு 'நீல ரயில்' பென்ட்லி சாட்சி. 1930 மார்ச்சில் பென்ட்லி கம்பெனித் தலைவர் உல்ஃப் பார்னாட்டோ தன் ஸ்பீட் சிக்ஸ் பென்ட்லியில் கான் நகரிலிருந்து கிளம்பி, பிரான்சின் 'நீல ரயில்' என்ற சொகுசு ரயில் கலே துறைமுகத்தை அடைவதற்குள் லண்டன் போய்ச் சேர்ந்தார். அந்தக் காரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காட்டப்பட்டது கர்னி நட்டிங் கட்டிய, கூரை தாழ்ந்து பின்னால் வழியும் ஒரு கூப்பே (இரண்டு கதவுக் கார்). ஒன்றே ஒன்றுதான் கட்டினார்கள், பார்க்கவே பிரமாதம். ஓவியம்கூட அதை வைத்துத்தான் வரைந்தார்கள். ஆனால் அந்தக் கூப்பே அவர் கைக்கு வந்தது மே மாதம். மார்ச்சில் ஓடியது எச்.ஜே. முல்லினர் பாடி கட்டிய சாதாரணமான ஒரு சலூன் (மூடிய குடும்பக் கார்). கூப்பேயின் எண் ஜி.ஜே. 3811, சலூனின் எண் யு.யு. 5999, இரண்டும் லண்டன் எண்கள், யு.யு. வரிசை முதலில் கொடுத்து முடிந்தது, ஜி.ஜே. பின்னால் வந்தது. அழகான காருக்குக் கதையும் அழகாக வேண்டும் என்று மனசு விரும்பும். அந்த விருப்பத்தைத்தான் நாம் ஒவ்வொரு முறையும் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு ஜோடி. கிளிஃப் டேவிஸ் என்ற லண்டன் கார் வியாபாரி 1950-களின் தொடக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வண்டிகளை ஓட்டினார். ஒன்று எம்.ஜி. என்ஜின் போட்ட கூப்பர், எண் ஜே.ஓ.ஒய். 500. அப்புறம் பிரிஸ்டல் என்ஜின் போட்ட டொஜீரோ, எண் எல்.ஓ.ஒய். 500. இரண்டுமே குரோய்டன் எண்கள். இரண்டுக்கும் பாடி ஃபெராரி 166 பார்கெட்டாவைப் பார்த்துச் செய்தது. மங்கலான படத்தில் முதல் எழுத்து மட்டும் தெரியாவிட்டால் யாரும் குழம்புவார்கள். ஆனால் வித்தியாசம் சாதாரணமானது இல்லை. இரண்டாவது வண்டியை வடிவமைத்த ஜான் டொஜீரோவின் வடிவமைப்பைத்தான் ஏ.சி. கம்பெனி வாங்கி, 1953 அக்டோபர் லண்டன் கண்காட்சியில் ஏஸை வைத்தது. அந்த ஏஸ்தான் பின்னாளில் கோப்ரா ஆனது. இப்படிப்பட்ட இடத்தில் எழுத்தை ஊகிக்காமல், படம் எந்தப் பந்தயத்தில் எடுத்தது என்று தேடிப்போவதே சரி.

பந்தய இடத்தைச் சொல்வது பின்னணிதான். காங்கிரீட் சாய்தளமும் பந்தயக் கோலத்தில் காரும் இருந்தால் புரூக்லண்ட்ஸ். அங்கே கடைசிப் பந்தயம் 1939 ஆகஸ்டில். கடற்கரை ஓரமாக இரும்பு வளைவுகள் கொண்ட நீண்ட மாடம் தெரிந்தால் பிரைட்டனின் மடீரா டிரைவ். வைக்கோல் கட்டும் எண்ணெய்ப் பீப்பாயும் பரந்த வானமுமாக இருந்தால் போர்க்கால விமானத் தளம் ஒன்றில் நடந்த பந்தயம். சில்வர்ஸ்டோன், குட்வுட் இரண்டும் 1948-இல் தொடங்கின, குட்வுட்டில் பழைய பந்தயங்கள் 1966-இல் நின்றன. பிராண்ட்ஸ் ஹேட்சில் ஒரு நல்ல துப்பு உண்டு: 1954-க்கு முன்னால் அங்கே கார்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடின, பிறகு திசை மாறியது. திரும்பிய படமா என்பதை முதலிலேயே பார்த்துவிடச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். ஓட்டுநரின் தலையையும் பாருங்கள். துணித் தொப்பியோடு சர்க்யூட் பந்தயம் ஓடினால் 1952-க்கு முன்னால் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆண்டில்தான் கெட்டியான ஹெல்மெட் கட்டாயமானது.

ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் உயரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் அதைக் கவனிப்பதில்லை. 1951 லெ மான் பந்தயத்துக்காக, புகைப்படக்காரரும் பந்தய வீரருமான ஜார்ஜ் ஃபிலிப்ஸுக்கு எம்.ஜி. ஒரே ஒரு கார் கட்டிக் கொடுத்தது. உள் எண் இ.எக்ஸ். 172, பதிவு எண் யு.எம்.ஜி. 400. வழவழப்பான தாழ்ந்த பாடி. படத்தைப் பார்த்ததும் 1955-இல் வந்த எம்.ஜி.ஏ என்றுதான் தோன்றும். ஆனால் ஓட்டுநர் காருக்குள் இல்லாமல் கார் மேல் உட்கார்ந்திருப்பதுபோல உயர்ந்து தெரிவார். காரணம், கீழே இருந்தது குறுகிய டி.டி. சேசிஸ், இருக்கை அதன் சட்டங்களுக்கு மேல்தான் வர முடியும். வடிவமைத்த சிட் எனெவருக்கே அது பிடிக்கவில்லை. சட்டங்களை அகலமாக விரித்துப் புதிய சேசிஸ் போட்டு அடுத்த காரைக் கட்டினார், அது இ.எக்ஸ். 175, எண் எச்.எம்.ஓ. 6. அதில் ஓட்டுநர் உள்ளே இறங்கி உட்கார்ந்தார், உயரமான என்ஜினுக்காகப் போனெட்டில் மட்டும் ஒரு மேடு இருந்தது. ஆக, மூன்று வண்டிகளையும் நம்பர் பிளேட் தெரியாமலேயே பிரிக்கலாம். தோள் எங்கே, கதவு எங்கே, போனெட்டில் மேடு உண்டா என்று பார்த்தால் போதும். பழைய சேசிஸின் மேல் புதிய பாடி போட்ட எந்த ஸ்பெஷலுக்கும் இது பொருந்தும். உயர்ந்து உட்கார்ந்த ஓட்டுநர், கீழே இருப்பது பழைய சாலைக் காரின் சேசிஸ் என்று காட்டிக்கொடுத்துவிடுவார்.

இதையெல்லாம் குறித்துக்கொண்ட பிறகுதான் காகிதத்தைத் தேடிப் போக வேண்டும். இடமும் பந்தய எண்ணும் ஏறக்குறைய ஆண்டும் தெரிந்தால், அந்த நாளின் நிகழ்ச்சி நிரலில் ஓட்டுநர் பெயர் கிடைக்கும். வண்டியின் பெயர் வெறுமனே 'ஃபோர்டு ஸ்பெஷல்' என்று இருக்கலாம், ஏமாற்றமாக இருக்கும். பரவாயில்லை, ஓட்டுநர் பெயர்தான் சாவி. அந்தப் பெயரை வைத்து மோட்டார் ஸ்போர்ட், ஆட்டோஸ்போர்ட் பத்திரிகைகளின் பழைய இதழ்களில் தேடலாம். மோட்டார் ஸ்போர்ட்டின் பழைய இதழ்கள் இணையத்திலேயே இருக்கின்றன. ஸ்பெஷல் கட்டியவர்கள் விற்கும்போது வரி விளம்பரம் கொடுப்பார்கள், அதில் என்ஜின், ஆக்சில், கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் பெருமையாக எழுதுவார்கள். பந்தயச் செய்தியைவிட அந்த விளம்பரம் பல சமயம் பயன்படும்.

பதிவு எண் உறுதியாகத் தெரிந்தால் பழைய கவுன்சில் பதிவேடுகளைக் கேளுங்கள். 1974 முதல் வாகனப் பதிவு வேலை ஸ்வான்சியில் உள்ள மத்திய அலுவலகத்துக்குப் போனபோது நிறையப் பதிவேடுகள் அழிந்தன, மிஞ்சியவை அந்தந்தக் கவுண்டி ஆவணக் காப்பகங்களிலும், முன்பு கிட்ஹெட் டிரஸ்ட் என்றிருந்து பிறகு 'தி பஸ் ஆர்க்கைவ்' என்று பெயர் மாறிய காப்பகத்திலும் இருக்கின்றன. அதில் முதல் உரிமையாளர், தயாரிப்பு, சில சமயம் 'பாடி மாற்றப்பட்டது' என்ற குறிப்புகூட இருக்கும். கிளப்புகளில் ஆஸ்டின் செவன் சங்கங்களுக்கு நல்ல காப்பகம் உண்டு. போருக்கு முந்தைய வண்டிக்கு விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப், பிரெஸ்காட் மலையேற்றப் பந்தயப் படங்களுக்கு புகாட்டி ஓனர்ஸ் கிளப், ஷெல்ஸ்லி வால்ஷுக்கு மிட்லண்ட் ஆட்டோமொபைல் கிளப், பொதுவாக பியூலி ஊரிலுள்ள தேசிய மோட்டார் அருங்காட்சியகம். அங்கே இருப்பவர்களில் பலர் எண்பது வயது தாண்டியவர்கள், அந்தக் கொட்டகைகளில் ஸ்பேனர் பிடித்தவர்கள். அவர்களிடம் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேட்கும்போது 'இது என்ன கார்?' என்று மட்டும் கேட்டால், 'லோட்டஸ் மாதிரி இருக்கே' என்றுதான் பதில் வரும். சக்கர இடைவெளி இவ்வளவு அங்குலம் என்று அளந்தேன், பின்னால் குறுக்கு ஸ்பிரிங், இன்ன காரின் பின் விளக்கு, இன்ன கவுண்டியின் எண், இந்த இடம் என்று எழுதிக் கேளுங்கள். எதை அளந்தீர்கள், எதை ஊகித்தீர்கள் என்பதைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். பதில் வந்த பிறகும் அதே பிரிவினையை வைத்திருங்கள். ஓட்டுநர் பெயர் உறுதி, சேசிஸ் அநேகமாக ஃபோர்டு, பாடி யார் செய்தது என்பது ஊகம் என்று மூன்று வரியாக எழுதி வைக்கலாம். ஸ்பெஷல்கள் வருஷா வருஷம் மாறும். என்ஜின் அடுத்த வண்டிக்குப் போகும், பாடி விற்றுப்போகும். அதனால் பெயரோடு படத்தின் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

உங்கள் படத்தை இங்கே போடுவதாக இருந்தால் பின்புறத்தின் ஸ்கேனையும் சேர்த்துப் போடுங்கள். ஓரத்தை வெட்ட வேண்டாம். பாதி தெரியும் பக்கத்து வண்டியின் நம்பர் பிளேட்டிலிருந்துகூடத் தேதி கிடைக்கும். முன்சக்கர ஹப், பின் விளக்கு, முன் கண்ணாடியின் மூலை, இந்த மூன்றையும் பெரிதாக்கித் தனித்தனிப் படமாக வையுங்கள். நான் முதலில் பார்ப்பது அந்த மூன்றைத்தான்.